தவளை போல் கிடந்த பேத்தி

எட்டாம் மாதம் தொடங்கும் முன்பே என் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். எங்கள் ஆரியசாலைக் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தூக்கிப் பாருங்கள். அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான் என் பேத்தி.

பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். அவ்வப்போது மூச்சு விட மறந்துபோவாள். மெஷின் கூவும். சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டினால் ஞாபகம் வந்து மூச்சை இழுப்பாள். மறதி என் வழி வந்தது என்று மருமகன் யாரிடமோ சொன்னாராம்.

பிறகு டாக்டர், குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் வைக்கலாம் என்றார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வயிற்றுக்குள்ளேயே வைத்துக் காக்கத் தெரியாதவள் வெளியே வைத்து என்ன காப்பாள் என்று அவளுக்கு நினைப்பு. தான் தொட்டால் அந்த மூச்சு ஒரேயடியாக நின்றுவிடும் என்று பயம். நானும் மருமகனும் சொல்லச் சொல்ல அழுகைதான் கூடியது.

சிஸ்டர் அவளை வற்புறுத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அம்மச்சி இருக்காமோ? அம்மச்சியோட நெஞ்சு மதி." பாட்டி உட்கார்ந்தால் போதும், பாட்டி நெஞ்சே போதும் என்று மலையாளத்தில் சொன்னாள்.

"என் நெஞ்சு பென்ஷன் வாங்கி இருபது வருஷம் ஆச்சே, மோளே."

"பால் வேண்டா. சூடு மதி, கேட்டோ."

குளித்து, பவுடரும் சந்தனமும் இல்லாமல், சங்கிலியைக் கழற்றி வைத்து வந்தேன். சாய்வு நாற்காலியை மகளின் கட்டிலுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டாள் சிஸ்டர். கள்ளி. நான் என்னைத்தான் பெரிய கள்ளி என்று நினைத்திருந்தேன்.

தொப்பியும் டயப்பருமாக இருந்த பிள்ளையைத் தவளை போல் கைகால் விரித்து என்மேல் கவிழ்த்தாள். தலை ஒரு பக்கம். தாடை கொஞ்சம் மேலே, இல்லாவிட்டால் மூச்சுக்குழல் மடங்கும். துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினாள். தட்டாதே, ஆட்டாதே, ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்காதே, எடுத்து எடுத்து வைத்தால் குழந்தை களைத்துவிடும் என்றாள். எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

வெளியே மழை. நான் மூச்சை இழுத்தால் பேத்தி உயர்ந்தாள், விட்டால் தாழ்ந்தாள், வேளிக் காயலில் கட்டிப்போட்ட வள்ளம் மாதிரி. யார் சூடு யாருக்குப் போகிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வயது கழன்று விழுந்தது. மகளைத்தான் நெஞ்சில் போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அவளுக்கு மூன்று மாதம். கொசுவலைக்குள் இருவரும் கிடக்கிறோம். வலை வெள்ளையாக, மேகம் போல, மூச்சுக்கு மூச்சு அசைகிறது. மெஷின் எங்கோ தூரத்தில், ஒன்றும் பேசாமல் இருந்தது.

"அம்மா, தாடை கீழ தாந்து போச்சு."

கண் விழித்தால் மகள் என் முன்னால் நிற்கிறாள், தையலைக் கையால் பிடித்துக்கொண்டு. சிஸ்டர் இரண்டடி தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் கவனித்திருப்பாள். ஆனால் நகரவில்லை.

"ஒரு விரல் மதி," என்றாள்.

மகள் ஒற்றை விரலால் அந்தத் தாடையை நிமிர்த்தினாள். விரலைத் திருப்பி எடுக்கவில்லை.

சமயம் பார்த்து, எனக்கு அவசரமாக பாத்ரூம் போகணும் என்றேன். பச்சைப் பொய். சிஸ்டர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஒரு மணிக்கூர் ஆகவில்லையே, பெட்டிக்குத் திருப்பினால் களைத்துப் போகுமே என்றாள். சினிமாவில் நடித்திருக்கலாம்.

மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். நைட்டியின் பித்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

நான் போய் ஒரு சாயா குடித்து, கை கழுவி, மெதுவாகத் திரும்பினேன். மகள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். தன் மூச்சைக் கொஞ்சம் சத்தமாக, நிதானமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள், நெஞ்சில் கிடப்பவளுக்குக் கேட்கட்டும் என்று. அதைச் சிஸ்டர் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.