பசீர் மாஸ்டரின் ஞாயிற்றுக்கிழமை வேன்

நானும் அத்தாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய பைனாகுலரைப் பிரித்துத் துடைத்தது. உள்ளே பஞ்சுத் தூசி. கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேசைக்கு அடியில் வைத்திருந்தால் போகத்தான் செய்யும். கருவிப் பராமரிப்பு என் தொழில் என்பதால் திருகுகளை நான் கழற்றினேன். அவர் டார்ச் பிடித்தார். "மெதுவா ரைசா, அதுக்கும் வலிக்கும்" என்றார். அதே வாரம் மாரடைப்பில் போய்விட்டார்.

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். பசீர் அகமது, திருப்பூர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். மாதம் ஒரு ஞாயிறு, விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, கம்பெனி வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறவை பார்க்க நஞ்சராயன் குளத்துக்குப் போவார். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் செய்பவர்கள். பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள். துவைத்துத் தூங்கினால் அவர்களுடைய ஞாயிறு தீர்ந்துவிடும். அதை அத்தாவால் பொறுக்க முடியவில்லை.

முதல் பயணமே சொதப்பியது. கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று, எக்ஸ்போர்ட்டில் கழித்த டீசர்ட்டுகளை எல்லோருக்கும் மாட்டிவிட்டார். கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு. ஒரே மாதிரி டீசர்ட் போடாமல் திருப்பூரில் யார் டூர் போவார்கள்? கரையில் இறங்கியதும் பக்கத்திலிருந்த கூழைக்கடாக்கள் மொத்தமாக எழுந்து அக்கரைக்குப் போயின. குளத்துக் காவலர் சாமியப்பன் ஓடிவந்தார்.

"ஏனுங்க, ரோடு போடவா வந்தீங்க?"

ஓவர்லாக் டெய்லர் பாண்டியம்மாள் விருதுநகர்க்காரர். அவரும் விடவில்லை. "மாஸ்டர், அதுக நம்மளப் பாத்துட்டுப் போயிருச்சு. நாம எப்ப அதுகளப் பாக்க?"

இந்தச் சிரிப்பு மறுநாள் முதலாளி கிட்டுசாமியின் காதுக்குப் போனது. கம்பெனி பேர் கேலியாகிறது, இனி வேன் கிடையாது என்றுவிட்டார். வேன் இல்லையென்றால் ஞாயிறும் இல்லை. வெயில் ஏறுமுன் அத்தனை பேரை அங்கே சேர்க்க வேறு வழியில்லை. அத்தா வாதாடவில்லை.

"ஒருக்கா நீங்களே வந்து பாத்துருங்க. அப்புறம் நிறுத்தறதுன்னா நிறுத்திக்கலாமுங்க."

முதலாளி வந்தார், வழக்கமான வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில். மற்ற எல்லோரும் இந்த முறை சாம்பல் நிற டீசர்ட்டில் இருந்தார்கள். அத்தா பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினார். அளவெடுக்காமல் கண்மதிப்பில் வெட்டித் தைக்கக் கொடுத்தது. தொப்பைக்கும் இடம் விட்டிருந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், என்னையப் பாத்தா கொக்கு பயந்துக்குமா?"

"கொக்கு பயப்படாதுங்க. சொந்தக்காரருன்னு நெனச்சுக்கும். மத்ததுக்குத்தான்."

முதலாளி சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

அன்று எதுவும் எழுந்து பறக்கவில்லை. நானும் உடனிருந்தேன். கட்டிங் மேசையில் துணி விரித்தவர் பேசுவதுபோல அத்தா குளத்தைக் காட்டினார். இந்தச் சேறு நெடுங்கால் உள்ளானுக்கு. அந்தக் கோரை நீலத் தாழைக்கோழிக்கு. தண்ணீரில் நிற்கும் கருவேலமரம் கூழைக்கடாவுக்கு. கரைமேல் காய்ந்த மேடு ஆள்காட்டிக்கு. ஒருவர் துணியில் இன்னொருவர் கை வைப்பதில்லை, ஒரு துண்டும் வீணில்லை என்றார். பாண்டியம்மாள் பைனாகுலரை வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. முதலாளி வரிசையில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

"அட, குடும்மா."

"இருங்க முதலாளி, ஒண்ணு மீன முழுங்கிக்கிட்டிருக்கு."

திரும்பி வந்து வேனிலிருந்து இறங்கும்போது முதலாளி சொன்னது ஒன்றுதான். "அடுத்த தடவ என்ர ஊட்டுக்காரியையும் கூட்டியாறனுங்க." வேன் நிற்கவில்லை. வருடக்கணக்காக ஓடியது. சலிப்பென்று அத்தா ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

குளம் பார்த்தவர்களுக்குக் காடும் காட்ட வேண்டும் என்பது அவருடைய அடுத்த ஆசை. அமராவதி அணைப் பக்கம் முள்காடு, ஆற்றோரம், பாறையில் வெயில் காயும் முதலை. காட்டுக்குள் எதுவரை போகலாம் என்று கேட்டுவர, உடுமலை வனத்துறை அலுவலகத்துக்கு வியாழக்கிழமை போவதாக இருந்தார். புதன்கிழமை அடக்கம் செய்தோம்.

கபர்ஸ்தானிலிருந்து திரும்பிய முதலாளி நேராக என்னிடம் வந்தார். "வண்டி இருக்குதுங்கம்மா. எப்பன்னு மட்டும் சொல்லுங்க." வீட்டு வாசலில் பாண்டியம்மாளும் அதையேதான் கேட்டார்.

உடுமலை அலுவலகத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை.