டீ குடித்த 'ஹீ' யார்?

போன வியாழக்கிழமை சாயங்காலம் எதிர் ஃப்ளாட் ஷாஹிரா கதவைத் தட்டினாள். கையில் இரண்டு பிரிண்ட் அவுட். அவளுக்குப் பின்னால், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்ற யோசனையோடு ஓர் ஆள்.

"அக்கா, உனக்கு இங்கிலீஷ் நல்லா வருமில்ல?"

பத்திரிகையில் தமிழ் எழுதுகிறவளுக்கு இங்கிலீஷும் தானாக வந்துவிடும் என்று எங்கள் திருவொற்றியூர் அபார்ட்மெண்டில் ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கலைத்ததில்லை. "வரும்" என்றேன்.

ஷாஹிரா சாத்தாங்காட்டில் ஓர் இரும்பு யார்டில் ஆறு வருஷமாக ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஹெட் ஆபீஸ் மும்பையில். அங்கே போகிற மெயில் எல்லாம் இவள்தான் அடிப்பாள். கூட வந்தவர் பாபு... அதே யார்டில் கிரேன் ஆபரேட்டர். வீடு எம்.கே.பி. நகர்.

"இவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. பதினஞ்சு நாள். என்னாலதான்."

"நீ என்ன பண்ணினே?"

"மெயில் அனுப்பினேன்."

நடந்ததை ஷாஹிராவே சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்:

"திங்கக்கிழம காலையில இவன் கிரேன்ல இரும்புச் சுருள எறக்கிக்கினு இருந்தான். அவன் கீழ லாரியோட நிக்கறான். சிக்னல் குடுக்கற ஆள் லீவு. அதனால அவருதான் சிக்னல். ஆனா அவரு டீ குடிச்சிக்கினு இருந்தாரு. நடுவுல கையத் தூக்குனாரு, சமோசா ஒண்ணு குடுன்னு. போலாம்ங்கறாருன்னு நெனச்சி அவன் வண்டிய எடுத்துட்டான். சுருள் லாரி ஓரத்துல இடிச்சி உருண்டு, நெழல்ல நின்ன பைக் மேல ஏறிடிச்சி. பைக் அப்பளம்."

புரிந்ததா? எனக்குப் புரிந்தது. இவன், பக்கத்தில் நிற்கிற பாபு. அவன், லாரி டிரைவர் தனசேகர். அவரு... மேனேஜரைத் தவிர வேறு யார்? மூன்று ஆம்பிளைகள், மூன்று வார்த்தைகள். ஒரு பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு விபத்தையே சொல்லி முடித்துவிட்டாள்.

இதையே அவள் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். முதல் பிரிண்ட் அவுட்.

'மைசெல்ஃப் ஷாஹிரா' என்று ஆரம்பம். அது போகட்டும், நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் அறிமுகமாகிறோம். அடுத்து: 'பாபு வாஸ் ஆபரேட்டிங் கிரேன். தனசேகர் வாஸ் இன் லாரி. ஹீ வாஸ் டிரிங்கிங் டீ. ஹீ ரெய்ஸ்ட் ஹிஸ் ஹேண்ட். ஸோ ஹீ மூவ்ட். இட் ஹிட் இட் அண்ட் இட் ஃபெல் ஆன் இட். ஹிஸ் பைக் பிகேம் ஃப்ளாட்.'

இவன், அவன், அவரு... மூன்று பேரும் 'ஹீ' என்ற ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். சுருளும் லாரியும் பைக்கும் 'இட்'. மேனேஜர் அந்த மெயிலில் எங்குமே இல்லை. தமிழில் அவரைக் காட்டிக்கொடுத்தது அந்த மரியாதைதான். இங்கிலீஷில் மரியாதை போனதும் ஆளும் தப்பித்துவிட்டார்.

மும்பைக்காரர்களைக் குறை சொல்ல முடியுமா? கிரேனில் உட்கார்ந்து டீ குடித்து, கையை வேறு தூக்கியவர் பாபு என்று படித்திருக்கிறார்கள். இரண்டாவது பிரிண்ட் அவுட் சஸ்பென்ஷன் ஆர்டர். அதன் கீழே ஒரு வரி... தனசேகர் அவர்களின் பைக் சேதமானதற்கு ஹெட் ஆபீஸ் வருந்துகிறதாம்.

"அது யார் பைக்?" என்று கேட்டேன்.

"என்துக்கா" என்றார் பாபு. அதுவரை வாயே திறக்காதவர். "எனக்கு அல்சர் கீது. டீய மோந்துகூடப் பாக்கமாட்டேன். அதான் பேஜாரா கீது. ஒரு வாய் குடிச்சிருந்தாலாவது மனசு ஆறும்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஷாஹிரா சிரித்தே விட்டாள். பிறகு அவள் கண் கலங்கியதையும் பார்த்தேன்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ப்ரோநவுன், பிரதிப்பெயர்ச்சொல்... பள்ளிக்கூடத்தில் அதன் வகைகளை வரிசையாக ஒப்பித்திருக்கிறேன். 'ஹீ', 'ஷீ', 'இட்' எல்லாம் பெர்சனல். 'ஹிஸ்' என்றால் பொசசிவ், உடைமை. 'மைசெல்ஃப்' ரிஃப்ளெக்சிவ், முன்னால் ஓர் 'ஐ' இல்லாமல் அது தனியாக வந்து நிற்கக் கூடாது. ஒப்பித்து முடித்தால் டீச்சர் உட்காரச் சொல்வார். இவற்றில் ஒன்று இடம் மாறினால் ஒரு மனுஷன் வேலை போகும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

"விஷயம் இவ்வளவுதான். பெயருக்குப் பதிலா வர்ற சொல் அது. எந்தப் பெயருக்குப் பதில்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும். சந்தேகமா இருந்தா பெயரையே போட்டுடு."

என் லேப்டாப்பில் திருத்த ஆரம்பித்தாள். 'ஹிஸ் பைக்' போய் 'பாபுஸ் பைக்' வந்தது. 'இட் ஹிட் இட்' போய் சுருளும் லாரியும் தனித்தனியாக வந்தன. எல்லாம் மளமளவென்று நடந்தது. 'ஹீ வாஸ் டிரிங்கிங் டீ' வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"அக்கா... இங்க அவர் பேரப் போட்டா, நாளைக்கு நான் எப்படி அவரு எதுர்க்க போய் ஒக்காருவேன்? பெரியவ இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா."

நியாயமான கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீரமாக எதுவும் சொல்லவில்லை. "சம்வன்னு போடேன்" என்றேன். யாரோ ஒருவர்... இன்டெஃபனிட் ப்ரோநவுன். ஆபீஸ்களில் அதிகம் புழங்குவது அந்த வகைதான். சம்வன் செய்திருப்பார், எவ்ரிபடிக்கும் தெரியும், நோபடி பேசமாட்டார்.

பாபு என்னைப் பார்த்தார். "சம்வன் டீ குட்ச்சா சம்வனத்தானக்கா சஸ்பெண்ட் பண்ணணும். நான் ஏன் வூட்ல ஒக்காந்துகினு இருக்கேன்?"

பிறகு அவரே ஷாஹிராவிடம் திரும்பி, "வுடு ஷாஹிரா. பதினஞ்சு நாளுதான. ஒனக்கு ஒண்ணு ஆயிடப் போவுது" என்றார்.

அதைக் கேட்டதும்தான் அவள் 'ஹீ'யை அழித்தாள். மேனேஜர் பெயரை எழுத்துக் கூட்டி அடித்தாள், ராஜமாணிக்கம் என்று. மேனேஜருக்கும் ஒரு காப்பி போட்டாள். அனுப்பிவிட்டு லேப்டாப்பை மூடி, "தண்ணி குடுக்கா" என்றாள்.

மறுநாள் முழுக்க எனக்கு எழுத்து ஓடவில்லை. ஜன்னலில் நின்று அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு வந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. விழுந்துவிடாமல் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

மேனேஜர் காலையிலேயே கேபினுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"இத்த நீதான் எழுதினியா?"

"ஆமா சார்."

"எல்லாம் கரெக்ட்டா?"

"ஸ்பெல்லிங் கரெக்ட்டானு தெரியல சார். மத்தது கரெக்ட்டு."

பிறகு அவர் மேஜையிலிருந்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். மும்பையிலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கைப்பட எழுதி வைத்திருக்கிறார். "இங்கிலீஷ் சரியா கீதா பாரு."

'டீ வாஸ் பீயிங் டிரங்க். ஹேண்ட் வாஸ் ரெய்ஸ்ட். லாரி வாஸ் மூவ்ட்.'

டீ குடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கை தூக்கப்பட்டது. லாரி நகர்த்தப்பட்டது. பிரதிப்பெயர் என்று தேடினால் ஒன்றுகூடக் கிடையாது. இலக்கணப்படி பெரிய தப்பு எதுவும் சொல்ல முடியாது.

"சார், இதுல ஆளே இல்லியே. கை தானா தூக்கிக்கிச்சா?"

மேனேஜர் ஃபேனைப் பார்த்தாராம். கதவைப் பார்த்தாராம். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக அடித்து, மூன்று முறை 'ஐ' போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐ வாஸ் டிரிங்கிங் டீ. ஐ ரெய்ஸ்ட் மை ஹேண்ட். ஐ வாஸ் நாட் கிவிங் சிக்னல்.

திங்கட்கிழமை பாபு வேலைக்குத் திரும்பிவிட்டார். மேனேஜருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஷாஹிரா அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். இப்போது மேனேஜர் எந்த மெயிலாக இருந்தாலும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறாராம்.

இங்கிலீஷில் வாக்கியத்தின் எந்த மூலையில் வந்தாலும் பெரிய எழுத்திலேயே நிற்கிற பிரதிப்பெயர் 'ஐ' ஒன்றுதான். தப்பு நடந்த அன்றைக்கு மட்டும் அது எந்த சைஸிலும் நம் பேனாவில் வருவதில்லை.