இடப்பக்கம்

காலை எட்டு மணி பத்து நிமிடம். பூவத்தைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த மூங்கில். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. மூங்கிலுக்கு அப்பால் இந்திய யூனியன். காரைக்காலிலிருந்து சீமைச் சரக்கு கடத்துகிறார்களா என்று அங்கே சோதிப்பார்கள்.

பேருந்தில் என் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார், என் தாயின் தம்பி. மாயவரத்துக்கு அருகே கட்டிக்கொடுத்திருந்த அவருடைய ஒரே மகள் முதல் நாள் மாலை இறந்துவிட்டாள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். பெண்ணின் உடலைச் சுற்றும் கஃபன் துணி பிறந்த வீட்டிலிருந்து போவது எங்கள் குடும்பத்து வழக்கம். அதைப் பொட்டலமாகக் கட்டி மடியில் வைத்திருந்தார்.

எங்கள் முஸ்லிம் ஆட்கள் வேட்டியையும் கைலியையும் இடப்பக்கம் கட்டுவார்கள், மற்றவர்கள் வலப்பக்கம். பேருந்தில் ஏறிய காவலர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இடுப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இடப்பக்கமெல்லாம் எறங்கு. வலப்பக்கம் உக்காரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சொல்வதற்கு முன்பே எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் பைகளை அவிழ்த்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்கள்.

நான் வலப்பக்கம் கட்டியிருந்தேன். சென்னையில் பத்திரிகை வேலைக்குப் போனதிலிருந்து, இந்தச் சாலையில் வரும்போதெல்லாம் அப்படித்தான். தொப்பி சட்டைப்பைக்குள் இருந்தது. காவலர் என்னைக் கடந்து போனார். மாமா எழுந்தார், என் இடுப்பைப் பார்த்தார், இறங்கினார்.

சாலையோரம் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"என்ன பாய், சீமைத் துணியா? யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லீங்க. எம்மவ மௌத்தாயிட்டா. கஃபன் துணிங்க."

"போன வாரமும் ஒரு பாய் இதத்தான் சொன்னான். ஒங்க ஊர்ல தெனம் ஒரு சாவா?"

துணியை எடுத்து வைத்துக்கொண்டு, அதிகாரி வந்து பார்க்கட்டும் என்றார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறிவிட்டார்கள். கண்டக்டர் கால் மணி நேரம் காத்திருந்தார். நான் எழுந்து இறங்கியிருக்கலாம். இறங்கினால் நானும் அங்கேயே நின்றிருப்பேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா ஜன்னலடிக்கு வந்தார். என் பக்கம் திரும்பாமல் கண்டக்டரிடம் சொன்னார்:

"நீங்க போங்க தம்பி. மண்ணு போட ஒரு ஆளாவது நேரத்துக்குப் போவட்டும்."

கண்டக்டர் விசில் ஊதினார். மாயவரம் வரை என் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.

பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒளு செய்யும் முன் வேட்டியை இடப்பக்கம் மாற்றிக் கட்டினேன். மாமாவின் சம்பந்தி கடைத்தெருவில் வேறு துணி வாங்கிவரச் சொன்னார். பெண்ணின் வாப்பா எங்கே என்று மையத்து வீட்டில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். பின்னால் வருகிறார் என்றேன். மாமா போட வேண்டிய மூன்று பிடி மண்ணை நான் போட்டேன்.

மூன்றரை மணிக்கு மாமா வந்தார். துணிப்பொட்டலம் அவர் அக்குளில் இருந்தது.