பதினேழாம் எண் டோக்கன்

என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஓர் அலுமினிய வில்லை இருக்கும். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. மேல் விளிம்பில் ஒரு துளை, நடுவில் பதினேழு என்ற எண். கைபட்டுக் கைபட்டு அந்த ஏழின் கால் பாதி தேய்ந்துவிட்டது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் சரக்கு வாசலில் அப்பா பதினோரு வருடம் செக்யூரிட்டியாக நின்றார். உள்ளே வரும் டிரெய்லர் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். சரக்கு இறக்கும் நேரத்தில் யாரும் வண்டியை நகர்த்திவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. சாவி பலகையில் தொங்கும். அதே எண் போட்ட டோக்கன் டிரைவரின் கைக்குப் போகும். வேலை முடிந்து டோக்கனைத் திருப்பித் தந்தால்தான் சாவி கிடைக்கும்.

அப்பாவுக்கு எண்கள் தெரியும், கையெழுத்து மட்டும் போடுவார், மற்றபடி எழுத்து தெரியாது. டிரைவர்கள் நீட்டும் லைசென்ஸில் அவர் பார்த்தது படத்தை மட்டும்தான். "லைசென்ஸ்ல மூஞ்சியப் பாப்பேன். ஆள, சாவி வாங்கச் சொல்லோ பாப்பேன்" என்பார். அதாவது, சாவியை வாங்கும் நேரத்தில் கை நடுங்கினால் கொத்து குலுங்கும். ஒரிசாவிலிருந்தும் புனேயிலிருந்தும் மூன்று நாள் தூங்காமல் ஓட்டி வந்தவர்கள் அவர்கள். "இன்னா தலைவா, தூங்குனியா?" என்று முதலில் கேட்பார். உண்மையைச் சொன்னால் அதோடு சரி, ஓய்வறையைக் காட்டுவார். தூங்கினேன் என்று சொல்லியும் கொத்து குலுங்கினால், சாவியை மறுபடி பலகையில் மாட்டிவிட்டு, "டோக்கன் உன்கிட்டயே இருக்கட்டும் தலைவா. அந்தாண்ட ரூம்ல போய்ப் படு. வண்டி எங்கயும் ஓடிடாது" என்பார். உன்னால் ஓட்ட முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் கதையாகச் சொல்வார். ஒரு நாள் நானும் அந்த டிரைவர்களின் இடத்தில் நிற்பேன் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். அக்கா எட்டாவதோடு நின்று ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சாப்பிட வந்த திருநெல்வேலிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் ஊருக்கே போய்விட்டாள். நான் தண்டலத்தில் எஞ்சினியரிங் முடித்து, கார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பிரிவில் சேர்ந்தேன். கரண்ட் பில், மாத்திரை அட்டை, தாசில்தார் ஆபீஸ் கடிதம் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்தே நான்தான் வீட்டில் படித்துச் சொல்வேன். புரியாத இடத்தில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுவேன். 'தெரியாது' என்று சொல்லும் உரிமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. நானே போட்டுக்கொண்டது அது, அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன்பு அக்காவுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தலைப்பிரசவத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா மட்டும் பஸ்ஸில் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். அப்பா பேரனைப் போனில்தான் பார்த்திருந்தார். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை கம்பெனிகள் மூடியிருக்கும், அப்போது போகலாம் என்று முடிவானது. ஆனால் அந்த வாரத்தில் இந்த வட்டாரத்தில் வேலை செய்யும் தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்புவார்கள். ரயிலில் காத்திருப்போர் பட்டியலே நூறைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் வாசலில் நின்ற என் பழைய காரைப் பார்த்து அப்பா கேட்டார். "நம்ம வண்டியிலயே போனா இன்னாம்மா? உனக்குத்தான் லைசென்ஸ் கீதே."

"போலாம்ப்பா" என்றேன்.

லைசென்ஸ் இருந்தது உண்மை. ஆனால் நான் ஓட்டக் கற்ற காரில் சொல்லிக்கொடுத்தவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. வண்டியை நான் ஓட்டினேன், நிறுத்தியது பெரும்பாலும் அவர்தான். சொந்தக் காரில் நான் போன தூரம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட் வரை. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியர் போட்டதே இல்லை. இதை யாரிடமும் சொல்லாமல் பிளான் போட உட்கார்ந்தேன். அதில் நான் கெட்டிக்காரி. நான்கு தாள்களை ஒட்டி, கம்பெனியில் போடுவதைப் போலவே கட்டம் போட்டேன். காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஜி.எஸ்.டி. சாலை. செங்கல்பட்டு டோல்கேட்டில் கூட்டம் சேர்வதற்குள் தாண்டிவிட வேண்டும். திண்டிவனத்தில் டீ, திருச்சிக்கு முன்னால் புளிசாதம், மதுரையில் அரை மணி ஓய்வு. மொத்தம் அறுநூறு கிலோமீட்டர். தாளைச் சுவரில் ஒட்டியதும், அப்பா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். "எம்பொண்ணு போட்ட பிளான். ரயில்வேகாரன் தோத்தான்." நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளோட்டமாக வாலாஜாபாத் வரை போய் வரலாம் என்றார் அப்பா. அவர் முன்சீட்டில். பின்னால் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆறுவழிச் சாலையில் நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன். இடது ஓரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி விளக்கில்லாமல் நின்றது. பின்னால் எச்சரிக்கைக்கு ஒரு வேப்பங்கிளை கிடந்தது. அதை விலக்க வலப்பக்கம் ஒடித்தபோது, ஷிப்ட் முடிந்த மூன்று பேர் ஒரே பைக்கில் எதிர்த்திசையில் வந்தார்கள். பின்னால் கார்களை அடுக்கி ஏற்றிய டிரெய்லரின் ஹாரன். அந்த நொடியில் எந்தப் பெடல் எந்தக் காலுக்கு என்பது எனக்கு மறந்துபோனது. வண்டி ஒரு உதறு உதறி நடுச்சாலையில் அணைந்து நின்றது. பைக் எப்படி விலகியது என்று தெரியவில்லை. டிரெய்லர் எங்களை உரசுவதுபோல் கடந்தபோது அந்தக் காற்றில் கார் ஆடியது. அதன் சக்கரங்கள் என் ஜன்னலைவிட உயரமாக, ஒன்றன்பின் ஒன்றாக, முடியாமல் போய்க்கொண்டே இருந்தன.

அத்தைதான் பேசினாள். "இன்னாடி, நடுரோட்டுல கோயில் கட்டப் போறியா?" அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். அந்தச் சாலையில், அந்த வண்டிகளுக்கு நடுவில், கேட்டில் நிற்பதுபோல் ஒரு கையை உயர்த்தி நின்றார். இப்போதும் கண்ணை மூடினால் எனக்கு வருவது அந்தக் காட்சிதான். ஒடிசலான ஒரு மனிதர், செருப்புக் காலோடு, லாரிகளுக்கு எதிரே. நான் வண்டியைக் கிளப்பி ஓரம் போகும்வரை அவர் கையை இறக்கவில்லை.

டீக்கடையில் கேட்டார். "பயந்துட்டியாம்மா?"

"இல்லப்பா. கிளட்ச் கொஞ்சம் டைட்டா கீது."

சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தேன். அதில் கோயிலில் வாங்கிய சின்னச் சலங்கை ஒன்று கோத்திருந்தது. அது மேசையில் படுவதற்கு முன்பே வெகுநேரம் ஒலித்தது. அப்பா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிந்தைய நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது டிரைவர் பிரேக் போடும் முன்பே என் கால் தரையை அழுத்தியது. படுத்தால் அந்தச் சக்கரங்கள் வந்தன. அம்மா குழந்தைக்கு வெள்ளி அரைஞாணும், பழைய புடவையைக் கிழித்துத் தைத்த துணிகளும் எடுத்து வைத்தாள். அக்கா நாளுக்கு மூன்று முறை போன் செய்து, "காருல வர்றதாடி முக்கியம், பத்திரமா வாங்க" என்றாள். அந்தப் 'பத்திரமா' என்ற சொல்லைக் கேட்கவே என்னால் முடியவில்லை. காரைக் கடக்கும்போது அம்மாவும் அத்தையும் உட்காரப்போகும் பின்சீட்டைப் பார்க்காமல் போனேன். ஒரு சாயங்காலம், தெருவில் யாரும் இல்லாதபோது, பின் டயரருகே குந்தி காற்றுமூடியைத் திருகிக் கழற்றினேன். காற்றை இறக்கிவிட்டால் வண்டி பழுது என்று சொல்லிவிடலாம். பழுது வண்டியுடையது, என்னுடையது இல்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஒரு பஞ்சருக்கு மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவான் என்று தோன்றியதும் திரும்ப மாட்டிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்ற மூன்று சொல் போதும். அவற்றைவிட எனக்கு அந்த அறுநூறு கிலோமீட்டர் சுலபமாகத் தெரிந்தது.

அப்பா தினமும் காலையில் கேட்டார். "தூக்கம் வந்துச்சாம்மா?"

தினமும் சொன்னேன். "வந்துச்சுப்பா."

கிளம்பும் நாள். மார்கழிப் பனி. தெருமுனைக் கோயிலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அம்மா புளிசாதத் தூக்கோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஸ்டியரிங்கின் முன்னால் இருந்தேன். அப்பா புது வெள்ளைச் சட்டையில் வந்து என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"இன்னாம்மா, தூங்குனியா?"

"தூங்குனேன்ப்பா."

"சாவியக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். சலங்கை என் கையிலிருந்து அவர் கைக்குப் போகும்வரை விடாமல் ஒலித்தது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் உள்ளங்கையை விரித்து இந்த வில்லையை வைத்தார்.

"டோக்கன் உன்கிட்டயே இருக்கட்டும். வண்டி எங்கயும் ஓடிடாது."

அவ்வளவுதான். பிறகு நிமிர்ந்து, பின்னால் பார்த்துச் சொன்னார். "ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. கேட்டுல ஆள் இல்லியாம். என் லீவு கேன்சலு. இன்னொரு வாட்டி போலாம், எறங்குங்க."

அம்மா அழுதுவிட்டாள். அத்தை விடவில்லை. "கம்பெனிக்கே பூட்டுப் போட்டாச்சு. பூட்டுக்குக் காவலாடா நீ?"

"ஆமா, பூட்டுக்குத்தான்."

பயம் இறங்கிய வேகத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஊருக்குப் போக முடியாத ஏமாற்றம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைக்கவிட்டேன். அப்பா புதுச் சட்டையைக் கழற்றி யூனிபார்மை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். சொன்ன பொய்யை உண்மையாக்க, அந்த விடுமுறை முழுவதும் வேறொருவரின் டியூட்டியைக் கேட்டு வாங்கி, மூடிய தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். கேட்டில் கட்டிய காகித நட்சத்திரத்தின் கீழே அவரைப் பார்த்ததாகப் பக்கத்துத் தெருக்காரர் வந்து சொன்னார். "பேரனைவிட உனக்கு வேலை பெருசாப்பா" என்று அக்கா அவரிடம் பல நாள் பேசவில்லை. பொங்கல் கழிந்து ரயிலில் போனபோதுதான் அவர் குழந்தையைத் தூக்கினார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அதன்பின் வேறொரு பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், "எனக்கு ஓட்டத் தெரியாது, மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க" என்றேன். வாழ்க்கையில் நான் அதிகம் சிரமப்பட்டுச் சொன்ன வாக்கியம் அது. சித்திரையில் ஒரு நாள் சாவி வேண்டும் என்று அப்பாவிடம் டோக்கனை நீட்டினேன். சாவியைக் கொடுத்தார், கொத்து சத்தமில்லாமல் என் கைக்கு வந்தது. டோக்கனை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. "வச்சிக்கோம்மா. இன்னொரு நாளு வேண்டியிருக்கும்."

போன ஆடியில், நெஞ்சுவலியில், மூன்று மணி நேரத்தில் அப்பா போய்விட்டார். அவருடைய அடையாள அட்டையின் உறைக்குள், அட்டைக்குப் பின்னால், மடித்த ஒரு மஞ்சள் காகிதம் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து ஒரு திருகாணி வெளியே போனாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு அது. 'பழைய டோக்கன் – ஒன்று. திருப்பித் தர வேண்டியதில்லை.' கீழே ஸ்டோர்காரரின் கையெழுத்தும் அப்பாவின் கோணல் கையெழுத்தும். தேதியைப் பார்த்தேன். நாங்கள் வாலாஜாபாத் போய்வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.

அப்படியென்றால் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நான் டயரருகே குந்தியிருந்த சாயங்காலம் அந்த டோக்கன் அவர் பையில் இருந்திருக்கிறது. தூக்கம் வந்ததா என்று அவர் காலைதோறும் கேட்டது எனக்காகத்தான். உண்மையை நானே சொல்லிவிட இடம் விட்டிருக்கிறார், கடைசிக் காலை வரைக்கும்.

இந்த வருடமும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. நான் இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன், திருச்சி வரை தனியாகப் போய் வந்திருக்கிறேன். இந்த வாரம் கம்பெனியில் ஆண்டுக் கடைசி வேலை. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இன்று காலை ஐந்தரைக்கு அம்மாவும் அத்தையும் வண்டியில் ஏறிவிட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். சலங்கை ஒலித்தது. கையை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் ஒலித்தது. ஜன்னலில் குனிந்து கேட்க யாரும் இல்லை.

சாவியை ஆணியிலேயே மாட்டினேன். இழுப்பறையைத் திறந்து டோக்கனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"அத்தை, அம்மா, இறங்குங்க. நான் தூங்கல. எனக்குப் பயமா கீது. நாளைக்குப் போலாம்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு தூக்கோடு இறங்கி வந்தாள். "அப்ப ரெண்டு வாய் சாப்ட்டுப் படு. அக்காவுக்கு நான் சொல்லிக்கிறேன்."

படுத்துப் பார்த்தேன், உடனே தூக்கம் வரவில்லை. எழுந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கார் வாசலில் நசுங்காத எலுமிச்சம்பழங்களோடு நிற்கிறது. வில்லை என் இடது கைக்குள் இருக்கிறது. தேய்ந்த ஏழின்மேல் கட்டைவிரலை வைத்திருக்கிறேன், அது இப்போதுதான் மெல்லச் சூடேறுகிறது.