நாலரை அடி அறை

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறைக்காக நான் ஓர் அறை வாங்கியிருக்கிறேன். கன்னத்தில், ஐந்து விரலும் பதிய. அப்போது எனக்கு ஒன்பது வயது. எதற்கு வாங்கினேன் என்று அன்றைக்குச் சத்தியமாகத் தெரியாது.

இலங்கையில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வரிசை வீடாக இருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டதால், எதிர்ச் சரிவில் ஏழு பேர்ச் காணியும் ஒரு புது வீடும் கிடைத்தன. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு குசினி. ஓர் அறையில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் என் அண்ணன்மார் இருவர், ஹாலில் நான். "எலி வளைன்னாலும் தனி வளை வேணும்" என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஆனால் அந்தத் தனி வளைக்குள் சேறு நுழைவதைத் தடுக்க வழியில்லை. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வரும்போது இடுப்பில் கட்டிய படங்குத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், காலில் அட்டை தொங்கும். அப்பாவுக்கு மருந்தடிக்கிற வேலை. அவர் சட்டையை எங்கள் துணியோடு சேர்த்து ஊறவைக்கவே கூடாது. மழை பிடித்தால் ஒரு வாரத்துக்கு எதுவும் காயாது. என் வெள்ளைச் சட்டை அடுப்புக்கு மேலே காய்ந்து, கருவாட்டு வாசனையோடு பள்ளிக்கூடம் வரும். இத்தனைக்கும் எங்களிடம் வாஷிங் மெஷின் இருந்தது! வெளிநாட்டில் வீட்டு வேலை பார்த்த சித்தி, அம்மாவின் தங்கை, கப்பலில் அனுப்பியது. வைக்க இடமில்லாமல் ஹாலில் நிறுத்தி, பூப்போட்ட துணி போர்த்தி, மேலே டிவியை வைத்திருந்தோம்.

ஆறு வருஷம் கழித்து சித்தி இரண்டு மாத லீவில் வந்தாள். திரும்பிப் போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்பது முடிவாகவில்லை. எனக்கு அவள் இருக்க வேண்டும். ஹாலில் என் பக்கத்தில் படுப்பாள். எவ்வளவு தொணதொணத்தாலும் "ஊம்" கொட்டுவாள். வீட்டில் வேறு யாரும் எனக்கு ஊம் கொட்டியதில்லை.

டிவிக்குக் கீழே மெஷினைக் கண்டதும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "பின்னாடி ஒரு ரூம் போடுவோம் அத்தான். மேடம் வீட்ல அப்படித்தான். சேத்துக் காலோட யாரும் உள்ள வரவே வேணாம்" என்றாள் அப்பாவிடம்.

என் கணக்குக் கொப்பியிலேயே படம் போட்டாள். சப்பாத்து கழற்ற உட்கார ஒரு திட்டு, படங்கு மாட்ட ஆணி, மருந்துச் சட்டைக்குத் தனி வாளி, மூலையில் மெஷின், அதன் தண்ணீர் வெளியே ஓடுகிற கானுக்குப் போக ஒரு குழாய், கூரைக்கு அடியில் துணிக்கொடி. ஒரு துண்டு இடத்தில் இத்தனையும் அடங்குமா என்று அப்பா வாயைப் பிளந்தார். சித்திக்கு அந்த மாதிரி அறை அத்துப்படி. எந்தச் சாமான் எத்தனை அங்குலம் அடைக்கும் என்று பாராமல் சொன்னாள்.

குழப்பம் மேசன் வந்த அன்று ஆரம்பித்தது. கானுக்கு விட்டது போக ஆறடி நீளம் எடுக்கலாம் என்றார் அவர்.

"நாலரை போதும்ணே" என்றாள் சித்தி.

"எடந்தான் இருக்கே தங்கச்சி, எதுக்கு விடணும்?"

"நாலரை போதும்."

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஊருல எல்லாரும் எடம் பத்தலைன்னு அழுவுறாங்க. ஒன் தங்கச்சிக்கு எடம் கூடிப்போச்சாம்!"

மேசன் முணுமுணுத்துக்கொண்டே நான்கு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார். கட்டி முடித்ததும் சித்தி ஓர் உரச் சாக்கை விரித்து, கயிற்றுக்குள் மல்லாந்து படுத்தாள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூலைக்கு மூலையும் படுத்துப் பார்த்து, "அங்க மெஷின் வந்துரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "சரியா இருக்கு" என்றாள். கால் வெளியே கிடக்கிறது, சரியாக இருக்கிறதாம்! மேசன் என்னைப் பார்த்தார், நான் மேசனைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அப்பா அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "அவ இங்கயே இருந்தா நல்லதுதான். ஆனா எத்தன நாளைக்கு ஹால்ல படுப்பா? ரெண்டு ரூம்ல எங்க எடம் இருக்கு?"

எனக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது. சித்தி தான் படுக்கத்தான் அளந்து பார்த்திருக்கிறாள். வேறு எதற்கு ஒருத்தி ஈரத் தரையில் படுப்பாள்? காலுக்கு இடம் பத்தவில்லை. கேட்க வெட்கப்பட்டு, சரி என்று சொல்லிவிட்டாள். மேசன் வீட்டுக்குப் போனதும், இருட்டுவதற்குள், இரண்டு முளைகளைப் பிடுங்கி ஓரடி தள்ளிக் கல்லால் அடித்து நட்டு, கயிற்றை நீட்டிக் கட்டினேன். பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன். ஐந்தரை அடி. சித்தி இனி எங்கேயும் போக மாட்டாள் என்ற சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, நீட்டிய கயிற்றை ஒட்டிப் பாதி அத்திவாரம் வெட்டியிருந்தது. உள்ளே சித்தி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க சித்தி போறீங்க?"

"திரும்பிப் போறேன். ஏஜென்சிக்குச் சொல்லியாச்சு." கண் சிவந்திருந்தது. "ஒங்க வீட்ல எனக்கு எடம் பாத்துட்டாங்க. மெஷினுக்குப் பக்கத்துல. அதுக்கு நான் அங்கயே கெடக்கலாமே."

இடம் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. "ஆமா சித்தி! நாந்தான் முளைய மாத்துனேன்! இனி ஒங்களுக்குக் காலு இடிக்காது!" என்று குதித்தேன்.

அப்போதுதான் அந்த அறை விழுந்தது. அழக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஒங்கப்பா சொன்னாரா? அம்மா சொன்னாளா?"

"யாரும் சொல்லல. ஒங்க காலு வெளிய கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு."

சித்தி சிரித்தாள், சிரிப்போடேயே ஏங்கி ஏங்கி அழுதாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அழுது முடித்ததும் வெளியே போய்த் தன் கையாலேயே முளைகளைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டாள்.

"வெட்டுன மண்ண மூடுறதா தங்கச்சி?" என்றார் மேசன், எரிச்சலோடு.

"மூடுங்கண்ணே. படுக்க எடம் இருந்தா யாரையாச்சும் படுக்க வச்சிருவாங்க."

மேசன் மண்வெட்டியை எடுத்து மூட ஆரம்பித்தார்.

சித்தி போகவில்லை. அண்ணன்மார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்கள். அவர்கள் அறை எனக்கும் சித்திக்கும் என்றானது. அப்படிச் செய்யச் சொன்னது அம்மா. அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் அன்று சாயந்தரமேதான், என் கண் முன்னால்.

மலையிலிருந்து வந்த அம்மா கானில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அட்டைக்கு வைக்க நான் உப்போடு நின்றேன். சித்தி அவள் இடுப்புப் படங்கை அவிழ்த்துவிட்டபடி, தணிந்த குரலில் என்னவோ சொன்னாள்.

"மெஷினுக்குப் பக்கத்துலயா?" என்றாள் அம்மா. "படுக்கையே அங்கதானா?"

"நீட்டிப் படுக்க எடம் இருந்துச்சு. போன அன்னைக்கே அங்க பாயப் போட்டுட்டாங்க."

"ஃபோன்ல ஒரு வார்த்த சொன்னியாடி பாவி?"

"சொன்னா நீ என்னாக்கா செய்வ?"

அம்மா படங்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் அட்டை ஊர்ந்ததை அவள் பார்க்கவில்லை. "எத்தனடி?" என்றாள்.

"ஆறு."

எனக்குப் பொறுக்கவில்லை. என் மேல்தான் பழி விழுகிறது. "ஆறு இல்லம்மா! அஞ்சரதான் வச்சேன்!" என்று கத்திவிட்டு, உள்ளே ஓடி அடிமட்டத்தை எடுத்து வந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அரை அடி கணக்குத் தப்பியதற்கா பெரியவர்கள் இப்படி அழுவார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.