ஓடிப்போன வெள்ளீயம்

பொட்டோசி மலையிலிருந்த அந்தச் சின்ன வெள்ளீயச் சுரங்கத்தை, தாது தீர்ந்ததென்று முதலாளிகள் கைவிட்டு மூடியதும், வெளியே கொட்டும் கல்லில் தாது பொறுக்கிப் பிழைத்த இலாரியாவின் அடுப்பும் அணைந்தது. ஒருநாள் சுத்தியலும் உளியுமாகச் சுரங்க வாயிலுக்கே போய்விட்டாள்.

அங்கே கோக்கா இலை மென்றுகொண்டிருந்த பழைய தொழிலாளி செவெரோ மறித்தான்.

“பொம்பள உள்ள போனா வெள்ளீயம் ஓடிப்போயிரும், தங்கச்சி!”

“ஆம்பளைங்க நீங்க இருக்கும்போதே ஓடிப்போச்சே, அண்ணே. வழிய விடுங்க.”

உள்ளே, கறுப்புத் தாதுப்பட்டை ஒரு பிளவில் அறுந்து நின்றது. என்றோ அந்தப் பிளவு நெடுக மலை நழுவி, பட்டை துண்டாகி விலகியிருக்கிறது. அறுந்த மிச்சம் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிளவை ஒட்டியே வெட்டினாள். கை கொப்பளித்தும் விடவில்லை. மழைக்காலம் முடியுமுன் பட்டை மறுபடி மின்னியது.

செவெரோ தொப்பியைக் கழற்றியபடி வந்தான்.

“எனக்கு ஏதாவது வேலை இருக்குமா, முதலாளியம்மா?”

“கல்லுச் சுமக்க ஆள் வேணும்” என்று கூடையை நீட்டினாள் இலாரியா.