முதலிடம் பிடித்த வீடு

சிக்கனம் என்ற சொல்லுக்கே தான்தான் சொந்தக்காரன் என்பதுபோல அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான், புள்ளிவிவர அலுவலகத்தில் எல்லோரும் கணக்குப்புலி என்று கூப்பிடும் அந்த குமாஸ்தா. இருக்காதா பின்னே! வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று ஏழு நாடுகளை ஒரே அளவுகோலால் அளந்ததில், மிகக் குறைவாகச் செலவழித்து அவன் நாடு முதலிடம். 'நம் வீடுகள் ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன' என்று அறிக்கையில் எழுதியவனும் அவன்தான். அந்த அறிக்கை கைக்கு வந்ததும் குளிர்கால மின்கட்டணச் சலுகையை நிறுத்திவிடலாம் என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் நமக்கெதற்கு என்று இருந்துவிட்டான்.

கணக்கெடுப்பில் அவன் அக்கா வீடும் உண்டு. இருப்பதிலேயே குறைந்த அளவு அங்கேதான். அக்கா தையல்காரி, கணவர் போனபின் தனியாக இருக்கிறாள். குளிர்காலத்தில் அவள்தான் தம்பியைப் பார்க்க வருவாள். இவன் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்று மாலை இனிப்புப் பெட்டியோடு கிளம்பினான்.

உள்ளே போனதும் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் இருந்த அதே குளிர் வீட்டுக்குள்ளும் இருந்தது. ஹீட்டர்மேல் தைத்த துணிகளை அடுக்கியிருந்தாள். கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத் தையல் மிஷின்முன் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா இது? ஹீட்டர் ரிப்பேரா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போட்டா பில்லு யாருடா கட்டுறது? சலுகை இருக்கிறதால படுக்கப்போறப்ப கொஞ்ச நேரம் போடுவேன். இல்லன்னா விடியுறதுக்குள்ள விறைச்சுப் போயிடுவேன்."

சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாங்கிக் கோத்துக் கொடுக்கும்போது அவள் விரல் பட்டது. கையை உதறிவிட்டான், அப்படி ஒரு சில்லிப்பு.

சிக்கனமாம் சிக்கனம்! பட்டினி கிடப்பவளைப் பார்த்து அளவாகச் சாப்பிடுகிறாள் என்று மெச்சியிருக்கிறான். மின்சாரத்தை அளந்தார்களே, அறையில் எவ்வளவு குளிர் என்று ஒருத்தராவது கேட்டார்களா? அவனே கேட்கவில்லையே! மேலதிகாரியைப் போனில் பிடித்தான்.

"சார், அந்த அறிக்கை தப்பு சார். இன்னும் யாருக்கும் அனுப்பிடாதீங்க."

"என்னய்யா சொல்ற? மத்தியானமே போயிடுச்சு. சலுகையை நிறுத்தி கையெழுத்தும் போட்டுட்டாங்க. உன் வரியத்தான்யா அப்படியே எடுத்து எழுதியிருக்காங்க. வாழ்த்துக்கள்!"

அக்கா இனிப்புப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்:

"யாருடா? நல்ல சேதியா?"